சத்தம் இல்லாமல் இறங்கிய லாரி

அத்தாயி பயந்த சுபாவக்காரி என்பது கொல்லிமலைப் பெரக்கரை நாடு முழுக்கத் தெரிந்த விஷயம். காற்று பலமாக அடித்தால் பலாமரத்தடியில் நிற்க மாட்டாள். பாறை ஈரமாக இருந்தால் குந்தி உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்துதான் கடப்பாள். காட்டிலாகா கார்டு காக்கிச் சட்டையோடு ஊருக்குள் வந்தால் சாமைத்தாள் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அவள் காட்டில் ஒரு குச்சியைக்கூடத் திருடியவள் இல்லை. கல்யாணமான புதிதில் புருஷன் ராசப்பன் இதையெல்லாம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அவனுக்குப் பழகிப்போயிற்று.

அவளைக் கையைப் பிடித்து உலகத்துக்குள் கூட்டிக்கொண்டு போனவள் அக்கா பாவாயி. நான்கு வயது மூத்தவள், அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள், நல்ல உயரம். வாரம் ஒரு தடவை மிளகும் வாழைக்காயும் கூடையில் சுமந்து அக்காவும் தங்கையும் அடிவாரச் சந்தைக்கு இறங்குவார்கள். பாவாயி முன்னால் போவாள். அவள் கால் வைத்த கல்லில்தான் அத்தாயி கால் வைப்பாள். இருபது வருஷம் அப்படியே நடந்தது.

உலகச் சண்டை தொடங்கிய மூன்றாம் வருஷம் மலையின் கீழ்ச் சரிவில் மரம் வெட்ட ஒரு கண்ட்ராக்டர் வந்தார். பட்டாளத்துக்கு மரம் வேண்டுமாம். அடிவாரத்திலிருந்து மூன்று மைல் மேலே, தடிகளை அடுக்கி வைத்த ஒரு திட்டு வரைக்கும் மண் ரோடு வெட்டினார்கள். பதினோரு வளைவு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஒன்றுமில்லை. மலைக்காரர்கள் ஏறி இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதை அந்த ரோட்டை நாலு இடத்தில் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று.

லாரிக்கு முதலில் எல்லோருமே பயந்தார்கள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். லாரி ஏறினால் மலையே அதிரும். இரண்டு வளைவுக்குக் கீழே வரும்போதே காது சொல்லிவிடும். சத்தம் கேட்டால் மேட்டில் ஏறி நின்றுகொள், போனதும் இறங்கு. அவ்வளவுதான். அத்தாயிக்குக்கூட அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது. தன் காதை அவள் நம்பினாள்.

சுபானு வருஷம் புரட்டாசி. காலை வெயில் வந்தும் மூட்டம் விலகாத ஒரு சந்தை நாள். நாவல்மரத்து வளைவு என்று சொல்லும் இடத்தில் பாதை மேட்டிலிருந்து ரோட்டில் இறங்கி, இருபது அடி ரோட்டோடு போய், மறுபடி பள்ளத்தில் இறங்கும். பாவாயி ரோட்டில் இறங்கிவிட்டாள். அத்தாயியின் காலில் முள் தைத்தது. மேட்டில் ஒரு காலில் நின்று அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ளே, அங்கயே கூடு கட்டிட்டியா?" என்று பாவாயி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அத்தாயி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது மூக்கில் ஒரு நெடி ஏறியது. ரப்பர் கருகுகிற மாதிரி. ஈர மண்ணில் பொடிக்கல் நொறுங்கும் மெல்லிய சரசரப்பு கேட்டது. உடும்பு ஓடுகிறது என்றுதான் நினைத்தாள். மறு கணம் மூட்டத்துக்குள்ளிருந்து லாரி வந்தது. மலையளவு லாரி, மேலே நாலு தடி, சத்தமே இல்லாமல்.

பாவாயி சிரித்த முகத்தோடுதான் இருந்தாள். லாரி பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை.

லாரி அவளை அடித்துத் தள்ளிவிட்டு இன்னும் அறுபது அடி போய், மலைப்பக்கத்துச் சுவரில் உரசி நின்றது. டிரைவர் இறங்கினான். அடிவாரத்து ஆள், அருணாசலம் என்று பேர். முகம் வெளுத்துப்போய் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அத்தாயி மேட்டிலிருந்து இறங்கவில்லை. இறங்க அவளால் முடியவில்லை. மிளகு ரோடெல்லாம் சிதறிக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

விசாரணைக்கு மணியக்காரரும் கீழேயிருந்து ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். கண்ட்ராக்டரின் மேஸ்திரி சின்னுசாமி, வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு பக்கத்தில் நின்றார்.

"ஹாரன் அடிச்சானா இல்லியா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"எந்தச் சத்தமும் இல்லீங்க சாமி. லாரிச் சத்தமே இல்லீங்க" என்றாள் அத்தாயி.

மேஸ்திரி சிரித்தார். "லாரி சத்தமில்லாம வருமாங்க? அது என்ன பூனையா? மலைக்காரங்க பராக்குப் பாத்துக்கிட்டு நடுரோட்டுல நடந்தா டிரைவரு என்னங்க பண்ணுவான்?"

இறந்தவள் கவனக்குறைவாக ரோட்டில் நின்றாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். நாவல்மரத்தில் முனி இருக்கிறது, ரோடு வெட்டியபோது அதன் வேரை வெட்டிவிட்டார்கள், அதுதான் சத்தத்தை விழுங்கிவிட்டு ஆளைக் கேட்கிறது என்றார்கள். மரத்தடியில் சேவல் அறுத்தார்கள். அத்தாயியும் போய்க் கும்பிட்டாள். கும்பிடும்போதே அவள் காது பின்னால் வளைவையே கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் பயம் வேறு விதமாகிவிட்டது. முன்பெல்லாம் சத்தம் கேட்டால் பயப்படுவாள். இப்போது சத்தம் கேட்காவிட்டால் பயப்பட்டாள். களை எடுத்துக்கொண்டிருப்பாள். காட்டில் ஒரு நிமிஷம் பறவைகள் ஓய்ந்துபோகும். உடனே களைக்கொட்டைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறி நின்றுகொள்வாள். லாரி வர வழியே இல்லாத சாமைக்காடு அது. அவள் போட்ட களைக்கொட்டை ராசப்பன் எடுத்து வைப்பான்.

கார்த்திகையில் இன்னொரு லாரி கவிழ்ந்தது. தடிகளின் மேல் உட்கார்ந்து வந்த பாரம் ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேர் தடிக்கு அடியில் சிக்கிச் செத்தார்கள். அத்தாயி அப்போது வீடு மெழுகிக்கொண்டிருந்தாள். கீழே சரிவிலிருந்து இடி மாதிரி ஒரு சத்தம். அதற்கு முன்னால் ஒன்றுமே கேட்கவில்லை. அவள் சாணிக்கையோடு வெளியே வந்து நின்றாள்.

"ஏனுங்க, இதுக்கு மின்னாடி லாரிச் சத்தம் உங்களுக்குக் கேட்டுதுங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

ராசப்பன் யோசித்தான். "இல்ல புள்ளே. கேக்கல."

மறுநாள் அவள் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தாள். ரோட்டை நோக்கித் தனியாக இறங்கினாள். நாவல்மரத்து வளைவுக்கு நேர் மேலே, லாரி எந்தக் காலத்திலும் ஏற முடியாத ஒரு பாறையில் உட்கார்ந்தாள். இரண்டு தடவை எழுந்து ஓடிவந்துவிட்டாள். மூன்றாம் தடவை சாயங்காலம் வரை உட்கார்ந்தாள். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும்.

ஏறும் லாரி உறுமிக்கொண்டு ஏறியது. இறங்கும் லாரி, மேலே திட்டிலிருந்து புறப்படும்போது கொஞ்சம் சத்தம் போடும். முதல் வளைவு வருமுன்னே ஒரு விக்கல் மாதிரி விக்கி அடங்கிவிடும். அப்புறம் பாரத்தின் கனத்திலேயே உருண்டு வரும். சக்கரத்திலிருந்து புகை வரும், அந்தக் கருகல் நெடி வரும். கடைசி வளைவைத் தாண்டிச் சமதளம் வந்ததும் ஒரு குலுக்கு. மறுபடி இஞ்சின் உறுமும். ஒன்றல்ல, மூன்று நாளில் இறங்கிய அத்தனை லாரியும் இப்படித்தான்.

ராசப்பனிடம் வந்து சொன்னாள். ராசப்பன், திட்டில் பாரம் ஏற்றும் வேலைக்குப் போகிற கருப்பண்ணனிடம் போய்க் கேட்டான். ஊர்க்காரர்தான், அத்தாயிக்கு மாமன் முறை. கருப்பண்ணன் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டு, "அது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானப்பா" என்றார்.

"தெரிஞ்சதா?"

"பெட்ரோலு இப்பக் கூப்பனுக்கு அளந்துதான வருது. எறக்கத்துல இஞ்சினை நிறுத்தி, கியரு போடாம நூட்டல்ல உட்டா பெட்ரோலு மிச்சம். மிச்சம் புடிக்கற டிரைவருக்குத்தான் மேஸ்திரிகிட்ட நல்ல பேரு. ஒவ்வொருக்கா பிரேக்கு சூடேறிப் புடிக்காது. அன்னிக்குப் பாவாயிக்கும் அதுதான் ஆச்சு."

"இத்தன நாளா ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொல்லீட்டு அப்புறம் வேலைக்கு எங்க போறது?"

ராசப்பன் இதை வந்து சொன்னபோது அத்தாயி அழவில்லை. சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டாள். முனி என்றால் சேவல் அறுக்கலாம், கும்பிடலாம், விலகிப் போகலாம். இது மனுஷன் வேண்டுமென்றே செய்கிற காரியம். நாளைக்கும் செய்வான். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவளுக்கு முனியைவிட இது பெரிய பயமாக இருந்தது.

தை மாதம் மரத்தை அளந்து முத்திரை குத்தக் காட்டிலாகா ரேஞ்சர் திட்டுக்கு வந்தார். காக்கிச் சட்டைக்காரர்களுக்கெல்லாம் மேலே உள்ள காக்கிச் சட்டை. அத்தாயி ராசப்பனைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். திட்டுக்குப் போய் ரேஞ்சர் முன்னால் நின்றதும் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"என்னம்மா?" என்றார் ரேஞ்சர்.

"லாரி..." என்றாள். அப்புறம், "சத்தம் இல்லீங்க" என்றாள்.

மேஸ்திரி குறுக்கே வந்தார். "சார், இவ அக்கா லாரில அடிபட்டுச் செத்துட்டா. அதுல இருந்து கொஞ்சம் ஒரு மாதிரி."

அத்தாயி சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரேஞ்சர் முகத்தைப் பார்க்காமல், அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு மொத்தத்தையும் சொல்லி முடித்தாள். விக்கல் மாதிரி இஞ்சின் நிற்பது, புகை, நெடி, கடைசி வளைவில் குலுக்கு. ஒன்றையும் விடவில்லை.

ரேஞ்சர் நின்றுகொண்டிருந்த டிரைவர்கள் பக்கம் திரும்பினார். "நிசமா?"

மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். நாலாவது ஆள் அருணாசலம். அவன் பாவாயி செத்த பிறகு இளைத்துக் கறுத்துப் போயிருந்தான். மேஸ்திரி அவனையே முறைத்துப் பார்த்தார். அருணாசலம் ஓர் அடி முன்னால் வந்தான். பிறகு, "நிசந்தானுங்க சார்" என்றான். "மேலயே ஆப் பண்ணிருவோம். அன்னிக்கும் ஆப் பண்ணித்தான் வந்தேன். பிரேக்கு புடிக்கல. ஹாரனும் நான் அடிக்கல. அடிச்சேன்னு சொல்லச் சொன்னாங்க."

ரேஞ்சர் அன்றைக்கே உத்தரவு போட்டார். திட்டின் வாசலில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில். இஞ்சின் சத்தம் கேட்டால்தான் மூங்கில் ஏற வேண்டும். தடி மேல் ஆள் உட்காரக் கூடாது. மீறினால் மரம் எடுக்கும் லைசென்சை நிறுத்திவிடுவேன் என்றார்.

மூங்கிலுக்கு யார் நிற்பது? ஆண்கள் ஒருவரும் முன்வரவில்லை. டிரைவர்களோடு யார் பகைத்துக்கொள்வது? மேஸ்திரி அத்தாயியைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டவளே நிக்கட்டுமே சார். காது நல்லாக் கேக்குது பாருங்க."

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ரேஞ்சர் அதையே எழுதிக்கொண்டார். முடியாது என்று சொல்லவும் அத்தாயிக்குப் பயம்.

இப்படித்தான் பெரக்கரை நாட்டிலேயே பயந்த பெண் லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

முதல் மாதம் ஒவ்வொரு லாரி வரும்போதும் மூங்கிலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். டிரைவர்கள் கண்டபடி பேசினார்கள். ஒருத்தன் மூங்கிலை இடிக்கிற மாதிரி லாரியைக் கொண்டுவந்து அவள் மூஞ்சிக்கு முன்னால் நிறுத்தி விளையாடுவான். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாளே தவிர, இடத்தை விட்டு நகர மாட்டாள். நகராததற்குத் தைரியம் காரணமில்லை. கால் அசையாது. லாரிக்காரர்களுக்கு அது தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். இஞ்சின் ஒழுங்காக ஓடுகிறதா, எப்போது நிற்கப் பார்க்கிறது என்று காதிலேயே பிரித்தாள். ஒரு தடவை, சக்கரத்துக்குள் ஏதோ கீச்சிடுகிறது என்று ஒரு லாரியை விட மறுத்தாள். திட்டிக்கொண்டே இறங்கிப் பார்த்த டிரைவர், பிரேக் கம்பி பாதி அறுந்து தொங்குவதைப் பார்த்துவிட்டுப் போய் மரத்தடியில் உட்கார்ந்தான்.

லாரியில் உடைந்த இரும்பு ஸ்பிரிங் பட்டை ஒன்றை மூங்கிலுக்குப் பக்கத்து மரத்தில் கட்டச் சொன்னாள். கல்லால் தட்டினால் மணி மாதிரி நாலு வளைவுக்குக் கேட்டது. லாரி இறங்கும்போது நிதானமாக விட்டு விட்டுத் தட்டினால் லாரி வருகிறது, ஓரம் போ. விடாமல் தட்டினால் சத்தமில்லாத லாரி வருகிறது, போட்டது போட்டபடி மேட்டில் ஏறு. ஊர் ஊராகப் போய் ராசப்பன் இதைச் சொல்லிவிட்டு வந்தான். பள்ளத்து ஓரம் முழுக்கக் கல் நட்டு, ஊர்ப் பெண்கள் சுண்ணாம்பு அடித்தார்கள். மூட்டத்திலும் ரோட்டின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

தாரண வருஷம் ஐப்பசி வரை ஒருவரும் சாகவில்லை.

அது சந்தை நாள். மத்தியானத்துக்கு மேல் தூறல் பிடித்துக்கொண்டது. உப்பும் கருவாடும் வாங்க ராசப்பன் கீழே போயிருந்தான். சந்தைக்குப் போனவர்கள் எல்லாம் கூட்டமாக ஏறி வருகிற நேரம். வெள்ளையன் என்று ஒரு புது டிரைவர், மழை பெரிதாகுமுன் இறங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வந்து நின்றான். தடிகளின் மேல் ஐந்து ஆட்கள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கருப்பண்ணனும் அவர்களில் ஒருவர்.

"மூங்கிலைத் தூக்கு" என்றான் வெள்ளையன்.

"மேல இருக்கறவங்க எறங்கட்டுங்கண்ணா."

"மழைல நடந்து வரச் சொல்றியா? நீ தூக்கு."

"எறங்காம தூக்க மாட்டனுங்க."

"ஏ மலைக்காரி, என் வாய்ல நல்லா வந்துரும்..."

வந்தது. அத்தாயி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மூங்கில் அசையவில்லை. கடைசியில் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள். கருப்பண்ணன் கடைசியாக இறங்கி, "மழைல எங்களச் சாவடிக்கற புள்ளே" என்றார்.

இஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தாயி கேட்டாள், மூங்கிலைத் தூக்கினாள். லாரி போயிற்று. பட்டையை நிதானமாகத் தட்டத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதற்குக் கல்லை ஓங்கியபோது, முதல் வளைவுக்கு அந்தப் பக்கம், அந்த விக்கல் கேட்டது.

அப்புறம் தூறல் சத்தம் மட்டும்தான்.

அத்தாயி விடாமல் தட்டினாள். கல் நழுவி விழுந்தது. வேறு கல்லை எடுத்துத் தட்டினாள். கையில் தோல் கிழிந்தது தெரியவில்லை. கீழே ஏறி வருகிற அத்தனை பேர் முகமும் கண்ணுக்குள் வந்தது. ராசப்பனுக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். மழைக்குக் கோணியைத் தலையில் போட்டிருந்தால்? காற்று அந்தப் பக்கமாக அடித்தால்?

"மாமா, நிறுத்தாம அடிங்க!" என்று கல்லைக் கருப்பண்ணன் கையில் திணித்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஓடினாள். ஈரப் பாறையில் குந்தி நகர்கிறவள், அன்று நின்றபடியே வழுக்கி வழுக்கி ஓடினாள். பாதி வழியில் அந்தச் சத்தம் வந்தது. இடி மாதிரி. மரங்கள் முறிகிற சத்தம், தடி ஒவ்வொன்றாக உருண்டு பள்ளத்தில் விழுகிற சத்தம். அப்புறம் கருப்பண்ணன் தட்டுகிற சத்தம் மட்டும் மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

அவளால் காலெடுத்து வைக்க முடியவில்லை. அடுத்த திருப்பத்தில் என்ன கிடக்கிறது என்று பார்க்கப் போக வேண்டும். பாவாயி கிடந்தது போலக் கிடந்தால்? ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்து அடி நடந்தாள்.

"அத்தாயி!"

ராசப்பன் குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. மேட்டில், வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தான். அவனோடு சேர்த்துப் பதினேழு பேர். பெண்கள், பிள்ளையைத் தூக்கியவர்கள், ஒரு கிழவர். ரோட்டில் உப்பு மூட்டைகளும் கருவாட்டுக் கூடைகளும் நசுங்கிக் கிடந்தன. போட்டது போட்டபடி ஏறியிருந்தார்கள். லாரி அவர்கள் காலடியில் உரசிக்கொண்டு போய், அடுத்த வளைவில் வெள்ளைக் கல்லை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்திருந்தது.

வெள்ளையனைச் சாயங்காலம் மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை. அவன் பொண்டாட்டி ராக்கம்மாள் மறுநாள் அடிவாரத்திலிருந்து வந்து, பிணத்தின் மேல் விழுந்து அழுதாள். அத்தாயி தூரத்தில் நின்றாள். பதினேழு பேரைக் காப்பாற்றினாய், ஐந்து பேரை இறக்கிவிட்டாய் என்று ஊரார் வந்து சொன்னார்கள். அவள் காதில் விழவில்லை.

"நாந்தானுங்க மூங்கிலைத் தூக்கி விட்டேன்" என்று ராசப்பனிடம் சொன்னாள். "சத்தம் கேட்டுது, தூக்கிட்டேன். வளைவுக்கு அந்தப் பக்கம் போயி நிறுத்துவான்னு எனக்குத் தெரியும். நாலஞ்சு பேரு அப்படிப் பண்ணியிருக்காங்க. வாயத் தொறக்காம இருந்துட்டேன். கருப்பண்ணன் மாமனுக்கும் எனக்கும் என்னுங்க வித்தியாசம்?"

ராசப்பன் அவள் கிழிந்த கையில் துணியைச் சுற்றிக் கட்டினான்.

வெள்ளையனுக்குக் காரியம் முடிந்து லாரிகள் மறுபடி ஓட வேண்டிய நாள் அத்தாயி மூங்கிலைத் தூக்கவில்லை. மூன்று லாரிகள் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. மேஸ்திரி சின்னுசாமி வந்தார். அவர் இப்போது சிரிக்கவில்லை.

"என்ன வேணும் உனக்கு?"

"இன்னொரு மூங்கிலு வேணுங்க. நாலாவது வளைவுல. அங்கயும் லாரி நிக்கணும், சக்கரம் சூடு ஆறணும், இஞ்சின் ஓடுதான்னு ஒரு ஆளு கேக்கணும். அதுக்குக் கீழ ஏழாவது வளைவுல ஒண்ணு."

"அங்கெல்லாம் நிக்க எவன் வருவான்?"

வரிசையில் நின்ற மூன்றாவது லாரியின் கதவு திறந்தது. அருணாசலம் இறங்கி வந்தான். சாவியை மேஸ்திரி கையில் வைத்தான்.

"நாலாவதுல நான் நிக்கறனுங்க. இனி என்னால ஓட்ட முடியாது."

அத்தாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பாவாயி சிரித்துக்கொண்டே நின்ற இருபதடி ரோடு நினைவுக்கு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழாவதுக்குக் கருப்பண்ணன் போனார்.

ஒன்றரை வருஷம் அந்த மூன்று பேரும் அப்படி நின்றார்கள். அருணாசலத்தோடு அத்தாயி ஒரு நாளும் பேசவில்லை. திருவிழாவுக்கு ஊருக்கு வந்தபோது அவன் வாசலில் வந்து நின்றும் அவள் வெளியே வரவில்லை. மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை, அதை மறைக்கவும் இல்லை. லாரி புறப்பட்டால் இவள் தட்டுவாள். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே அவன் பட்டை பதில் சொல்லும். அப்புறம் அதற்கும் கீழே கருப்பண்ணனுடையது. மூன்றாவது சத்தம் வருகிற வரை அத்தாயி மூச்சை நிறைய விட மாட்டாள். ஒரு நாளைக்கு எட்டு லாரி என்றால் எட்டுத் தடவை அந்தப் பயம். இரவில் நன்றாகத் தூங்கினாள் என்று ராசப்பன் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் அந்த ரோட்டில் அதற்குப் பிறகு ஒரு சாவு இல்லை.

சண்டை முடிந்தது. விய வருஷம் சித்திரையோடு மரம் வெட்டுவதும் நின்றது. திட்டு காலியாயிற்று. கண்ட்ராக்டர் பச்சைமலைப் பக்கம் போய் வேறு காடு எடுத்தார். அங்கேயும் லாரி, அங்கேயும் இறக்கம். இரண்டு மாதத்தில் மேஸ்திரியே நடந்து அத்தாயி வீட்டுக்கு வந்தார்.

"அங்க ஒரு பொம்பள அடிபட்டுட்டா, அத்தாயி" என்றார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நீ வந்து நிக்கணும்."

"நான் வர மாட்டனுங்க. இனிமே என்னால ஆகாதுங்க" என்றாள் அத்தாயி.

மேஸ்திரி எழுந்து போனார். அத்தாயி முறத்தில் சாமையைப் போட்டுப் புடைத்தாள். புடைத்ததையே மறுபடி புடைத்தாள். மறுநாள் விடிந்ததும் ராசப்பனிடம், "ஒரு வாரம் போயிட்டு வாரனுங்க. நிக்க மாட்டேன், சொல்லிக் குடுத்துட்டு வந்துருவேன்" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொல்லிமலையை விட்டு வேறு மலைக்கு நடந்தாள். வழியில் ஆறு தாண்ட வேண்டியிருந்தது, அதற்கு ஒரு பயம். அந்த ஊர் நாய்களுக்கு ஒரு பயம். அங்கே இருசாயி, மாதம்மாள் என்று இரண்டு பெண்களை மூங்கிலுக்கு வைத்திருந்தார்கள். ஆறு நாள் அவர்களோடு நின்றாள். இஞ்சின் விக்குவதை எப்படிக் கேட்பது, பட்டையை எங்கே கட்டினால் தூரம் கேட்கும், வசவு வரும்போது எதைப் பிடித்துக்கொள்வது என்றெல்லாம் சொன்னாள்.

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா அக்கா?" என்று கடைசி நாள் இருசாயி கேட்டாள்.

அத்தாயி தன் உள்ளங்கையை அவளிடம் நீட்டினாள். இருசாயி தொட்டுப் பார்த்தாள். கை சில்லென்று, வேர்வையில் நனைந்திருந்தது.

ஒன்பதாம் நாள் ஊர் வந்து சேர்ந்தாள். அவள் இல்லாத வாரத்தில் பன்றி புகுந்து சாமைக்காட்டில் ஒரு மூலையைப் பாழாக்கியிருந்தது. காவலுக்குப் போகாமல் தூங்கிவிட்டதற்காக ராசப்பனை வாசலில் நிற்க வைத்து நாலு வீடு கேட்கத் திட்டினாள். திட்டிவிட்டு, களைக்கொட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.